ஓசூருக்கு டிராம் பொருந்துமா? மத்திகிரி – ஜூஜூவாடி வழித்தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓசூரின் பொதுப் போக்குவரத்து பற்றிய பேச்சு, கடந்த சில ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: பெங்களூரு மெட்ரோ ரயில் பொம்மசந்திராவிலிருந்து எல்லை தாண்டி ஓசூருக்கு வருமா, வராதா என்பதே அது. அந்தக் கேள்விக்குள் மறைந்துபோன இன்னொரு கேள்வி உண்டு. மத்திகிரியிலிருந்து ஓசூர்ப் பேருந்து நிலையத்துக்கும், அங்கிருந்து மூக்கண்டப்பள்ளி, சிப்காட், ஜூஜூவாடி ஆகிய இடங்களுக்கும் நாள்தோறும் போய்வரும் தொழிலாளர்கள், மாணவர்கள், சிறு வணிகர்கள் ஆகியோருக்கு எத்தகைய போக்குவரத்து பொருந்தும் என்பதே அந்த இரண்டாவது கேள்வி. ஓசூரில் டிராம் பாதை அமைக்கும் திட்டம் எதுவும் இன்று நடைமுறையில் இல்லை. ஆயினும் உலகின் பல நடுத்தர நகரங்கள் இதே வினாவுக்கு நவீன டிராமையே விடையாகத் தேர்ந்திருப்பதால், அந்த அனுபவத்தை இவ்வெல்லைத் தொழில்நகரின் நிலைமையோடு ஒப்பிட்டு ஆராய்வது பயனுடையது. டிராம் பாதையின் வெற்றியையும் தோல்வியையும் வண்டியின் நேர்த்தி தீர்மானிப்பதில்லை என்பதும், அதற்கெனச் சாலையில் தனி இடம் ஒதுக்கப்பட்டதா, அதன் செலவை யார் ஏற்கிறார்கள், எவருடைய பயணத்துக்காக அது அமைக்கப்படுகிறது ஆகிய மூன்றுமே தீர்மானிக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

வகைகளும் வரையறைகளும்

தண்டவாளத்தின் மேல் ஓடும் நகரப் போக்குவரத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது மெட்ரோ ரயில். இது சாலையின் குறுக்கீடு அறவே இல்லாமல் தூண்களின் மீதோ நிலத்தடியிலோ ஓடுவது, நிலையங்களுக்கிடையே பொதுவாக ஒரு கிலோமீட்டர் அளவு இடைவெளி கொண்டது. இரண்டாவது டிராம், இது சாலையின் மட்டத்திலேயே, சாலைப் பரப்போடு சமமாகப் பதிக்கப்பட்ட பள்ளத் தண்டவாளத்தில் ஓடுவது, 400 முதல் 800 மீட்டருக்கு ஒரு நிறுத்தம் கொண்டது, சாலைச் சந்திப்புகளில் மற்ற வண்டிகளைப் போலவே சைகை விளக்குக்குக் கட்டுப்படுவது. மூன்றாவதாகிய இலகு ரயில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: டிராம் போன்ற வண்டியே ஆனாலும் தனக்கென ஒதுக்கப்பட்ட பாதையில் ஓடுவது. மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019இல் வகுத்த 'மெட்ரோலைட்' நெறிமுறைகள் ஏறத்தாழ இந்த மூன்றாம் வகையைக் குறிக்கின்றன. 2020இல் வெளியான 'மெட்ரோநியோ' நெறிமுறைகள், மேலே செல்லும் மின்கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ரப்பர் சக்கரத்தில் ஓடும் நீளமான மின்பேருந்தைக் குறிக்கின்றன.

இவ்வகைகளைத் தரம்பிரிக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் அளவுகோல், நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் செல்லும் பயணிகளின் எண்ணிக்கை ஆகும். மெட்ரோலைட் அதிகபட்சம் 15,000 பேர் வரையிலும், மெட்ரோநியோ 8,000 பேர் வரையிலும் ஏற்றிச்செல்லும் தடங்களுக்கு உரியவை எனக் கருதப்படுகின்றன. இந்தக் கணக்கைக் கைக்கணக்காகவே சரிபார்க்கலாம். மூன்று பெட்டிகள் இணைந்த நவீன டிராம் ஒன்றில் நின்றும் அமர்ந்தும் ஏறத்தாழ 300 பேர் செல்ல முடியும். நான்கு நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடினால் மணிக்கு 15 வண்டிகளில் 4,500 பேரும், இரண்டு நிமிடத்துக்கு ஒன்று ஓடினால் 9,000 பேரும் செல்வர். ஒரு நகரப் பேருந்தில் 60 முதல் 80 பேர் எனக் கொண்டால், அதே 4,500 பேருக்கு மணிக்கு ஏறத்தாழ 60 பேருந்துகளாவது, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பேருந்தாவது, வேண்டும். இந்த எல்லைக்கு வெகு கீழே உள்ள தடத்தில் பேருந்தே சிக்கனமானது; அதைத் தாண்டும் இடத்தில்தான் தண்டவாளம் தன் செலவை நியாயப்படுத்தத் தொடங்குகிறது.

தமிழ்நாட்டின் பழைய தண்டவாளங்கள்

மின்சார டிராம் தமிழ் நிலத்துக்குப் புதியதன்று. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே 7ஆம் நாள் சென்னையில்தான் ஓடத் தொடங்கியது. சாலையின் அடியில் ஒரு கால்வாய் அமைத்து, அதற்குள் மின்கடத்தியைப் பதித்து, சாலைப் பரப்பில் விடப்பட்ட நீண்ட பிளவின் வழியாக வண்டி மின்சாரம் பெறும் முறை அங்கு முதலில் கையாளப்பட்டது. மழைநீர் அந்தப் பிளவுக்குள் புகுந்து இடர் விளைவித்ததால் சில ஆண்டுகளிலேயே அம்முறை கைவிடப்பட்டு, மேலே கட்டிய மின்கம்பிக்கு மாற நேர்ந்தது. ஐரோப்பாவின் தூறலுக்கு ஏற்ற தொழில்நுட்பம் வடகிழக்குப் பருவமழைக்கு ஈடுகொடுக்காமற் போன இந்நிகழ்ச்சி, இன்றைக்கும் எந்த வண்டியையும் இறக்குமதி செய்வோர் மனத்தில் இருத்த வேண்டியது. 1921 அளவில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தடத்தில் 97 வண்டிகள் ஓடின. பேருந்துகளின் போட்டியாலும், தேய்ந்த வண்டிகளையும் பாதைகளையும் புதுப்பிக்க முதல் இல்லாமையாலும் நலிந்த அந்நிறுவனம் 1953 ஏப்ரல் 12ஆம் நாள் சேவையை நிறுத்தியது. கான்பூரில் 1933இலும், கொழும்பில் 1960இலும், டெல்லியில் 1963இலும், பம்பாயில் 1964இலும் இதே முடிவு நேர்ந்தது. கொல்கத்தாவில் மட்டும் டிராம் எஞ்சி நின்றது. ஆனால் அங்கும் சாலையின் நடுவே டிராமுக்கெனத் தனியாக இருந்த பாதைகள் பிற்காலத்தில் படிப்படியாகத் தார் பூசப்பட்டு மற்ற வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டன. நெரிசலில் சிக்கிய டிராம் வேகமிழந்தது. வேகமிழந்த டிராமே நெரிசலுக்குக் காரணம் என்று பின்னர் குற்றம் சாட்டப்பட்டது. பாரம்பரியத் தடம் ஒன்றைத் தவிர மற்றவற்றை நிறுத்தும் முடிவை மேற்கு வங்க அரசு 2024இல் அறிவித்தது.

ஓசூர் வட்டாரத்துக்கும் இத்தகைய ஒரு முன்கதை உண்டு. பஞ்ச நிவாரண நோக்கில் அமைக்கப்பட்ட 762 மில்லிமீட்டர் அகலமுள்ள குறும்பாதை ஒன்று 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குத் திறக்கப்பட்டு, 1913இல் ஓசூர் வரை நீட்டிக்கப்பட்டது. போதிய வருவாயில்லாத அந்தப் பாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941இல், மூடப்பட்டது. சேலம் – பெங்களூரு ரயில் பாதை அமையும் வரை ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஓசூர் தண்டவாளமே இல்லாத ஊராக இருந்தது. பயணிகளும் சரக்கும் திரளாத இடத்தில் அமைக்கப்பட்ட பாதையைக் காக்க, நெருக்கடி வந்தபோது எவரும் முன்வரவில்லை என்பதே அதன் படிப்பினை.

மறுமலர்ச்சியின் பாடங்கள்

உலகின் மற்ற பல பகுதிகளிலும் டிராம் இதே போக்கில்தான் அழிந்தது. பிரான்சில் 1970களின் தொடக்கத்தில் மார்செய், லில், சான்தெத்தியன் ஆகிய மூன்று நகரங்களில் மட்டுமே டிராம் எஞ்சியிருந்தது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975இல் அந்நாட்டு அரசு எட்டு நகரங்களை அழைத்து, புதிய டிராம் பாதைகளைப் பற்றிச் சிந்திக்கும்படி கேட்டுக்கொண்டது. அந்த எட்டில் இடம்பெறாத நாந்த் நகரமே 1985இல் முதலில் புதிய பாதையைத் திறந்தது. 1987இல் கிரெனோபிளும் 1994இல் ஸ்ட்ராஸ்பூரும் தொடர்ந்தன. இந்நகரங்கள் செய்த முதன்மையான மாற்றம் வண்டியில் நிகழ்ந்ததைவிடத் தெருவில் நிகழ்ந்ததே ஆகும். நான்கு வரிசையாகக் கார்கள் சென்ற சாலையில் இரண்டு வரிசைகள் டிராமுக்கு ஒதுக்கப்பட்டன. பல இடங்களில் அப்பாதையில் புல் விதைக்கப்பட்டதால் மற்ற வண்டிகள் அதில் ஏறவே இயலாமற் போயிற்று. வண்டியின் தளம் தரையிலிருந்து 30, 35 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தாழ்த்தப்பட்டு, நிறுத்தத்தின் மேடையும் அதே உயரத்தில் கட்டப்பட்டதால், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் படி ஏறாமல் உள்ளே போக வழி பிறந்தது.

அமெரிக்காவில் நவீன டிராமுக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவது 2001இல் திறக்கப்பட்ட போர்ட்லாந்து பாதை. வாகன நிறுத்தக் கட்டண வருவாயின் மீது வெளியிட்ட கடன்பத்திரங்களும், பாதையை ஒட்டிய நில உரிமையாளர்கள் செலுத்திய சிறப்பு வரியும் அதன் முதலீட்டில் கணிசமான பங்கு வகித்தன. ஆயினும் அப்பாதையில் பெரும்பகுதி மற்ற வண்டிகளோடு கலந்தே செல்வதால் வேகம் குறைவு என்ற குறை நீடிக்கிறது. அதே குறை மேலும் கடுமையாக வெளிப்பட்ட இடம் வாஷிங்டன். 2016இல் ஒரே தெருவில் மூன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குத் திறக்கப்பட்ட பாதை, தவறாக நிறுத்தப்பட்ட ஒரு கார் முன்னே நின்றால்கூட நகர முடியாமல் தவித்தது. அதைக் கைவிட்டுப் பேருந்துக்கு மாறப்போவதாக அந்நகர மேயர் 2025இல் அறிவித்தார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ வேறொரு பாடத்தைத் தருகிறது. சாலைக்கு அடியில் கிடந்த குடிநீர்க் குழாய்கள், கழிவுநீர்க் குழாய்கள், எரிவாயு மற்றும் மின்கம்பித் தடங்கள் ஆகியவற்றை இடம்மாற்றும் பணியும் ஒப்பந்தக்காரருடனான தகராறும் சேர்ந்து காலத்தை விழுங்கியதில், ஒரு பாதை பல ஆண்டுத் தாமதத்துக்குப் பின் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதன் செலவு 77 கோடி பவுண்டைத் தாண்டிற்று. நிலத்தடியில் எது எங்கே கிடக்கிறது என்பதற்குச் சரியான வரைபடம் இல்லாத இந்திய நகரங்களில் இந்த இடர் இன்னும் பெரிதாகவே இருக்கும்.

ஓசூரின் பயணங்கள்

சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் அமைந்த பின்னரே ஓசூரின் இன்றைய உருவம் தோன்றியது. அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் ஆகிய ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான பட்டறைகளும் வந்தன. அண்மைக் காலத்தில் மின்சார இருசக்கர வண்டித் தயாரிப்பும் மின்னணுத் தொழிலும் சேர்ந்துள்ளன. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. அதற்கு முன் தனிப் பேரூராட்சியாக இருந்து 2011இல் ஓசூரோடு இணைந்த மத்திகிரி, இந்த வளர்ச்சியின் தென்மேற்கு முனை. பிரிட்டிஷ் ஆட்சியில் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கி இன்று அரசின் கால்நடைப் பண்ணையாக விளங்கும் பரந்த மேய்ச்சல் நிலம் ஒருபுறமும், ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளும் புதிய மனைப்பிரிவுகளும் மறுபுறமுமாக அமைந்த பகுதி இது. மத்திகிரிக்கும் நகர மையத்துக்கும் நடுவே பெங்களூரு – சேலம் ரயில் பாதை குறுக்கிடுகிறது. எனவே தென்மேற்கிலிருந்து நகருக்குள் வரும் போக்குவரத்து முழுவதும் ரயில் பாதையைக் கடக்கும் ஓரிரு இடங்களில் குவிகிறது. பேருந்து நிலையத்தைக் கடந்தால் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதன் இருமருங்கிலும் மூக்கண்டப்பள்ளி, சிப்காட், இறுதியில் மாநில எல்லையான ஜூஜூவாடி, அதற்கப்பால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தடம் ஒரு நவீன டிராம் பாதைக்கு வழக்கமான நீளமே. வசிப்பிடம் ஒரு முனையிலும், கடைத்தெருவும் பேருந்து நிலையமும் நடுவிலும், வேலையிடம் மறுமுனையிலும் அமைந்திருப்பதால் இரு திசையிலும் பயணிகள் கிடைப்பர் என்பது இதன் சிறப்பு. ஆனால் தொழில்நகரின் பயணத்துக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அது ஷிஃப்ட் நேரத்துக்குக் கட்டுப்பட்டது. ஷிஃப்ட் மாறும் அரைமணி நேரத்தில் சிப்காட் சாலைகளில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன; ஒரு ஷிஃப்டை இறக்கிவிட்டு அடுத்த ஷிஃப்டை ஏற்றிக்கொள்ளும் அவற்றுக்கு இடையே இருசக்கர வண்டிகளும் ஷேர் ஆட்டோக்களும் நெளிந்து செல்கின்றன; அரைமணி கழிந்தபின் அதே சாலையில் சரக்கு லாரிகள் மட்டுமே எஞ்சுகின்றன. ஒரு பேச்சுக்கு, அந்த அரைமணியில் 6,000 பேர் ஒரே திசையில் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 300 பேர் கொள்ளும் வண்டிகள் 20 வேண்டும். அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வண்டி விட வேண்டும். மற்ற நேரத்தில் அவ்வண்டிகளில் பெரும்பாலானவை பணிமனையில் கிடக்கும். ஆலைகள் தத்தம் ஷிஃப்ட் தொடக்கத்தைக் கால்மணி, அரைமணி என மாற்றி அமைத்துக்கொள்ள இசைந்தால் தேவைப்படும் வண்டிகளின் எண்ணிக்கை பாதியாகும். ஆகவே ஓசூரில் வண்டி வாங்கும் செலவைக் குறைக்கும் வழி, பொறியாளரிடம் இருப்பதைவிட ஆலை நிர்வாகங்களிடம் அதிகம் இருக்கிறது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், மொபெட்டும் ஸ்கூட்டரும் பைக்கும் தயாரிக்கும் இந்நகரத்தில் இருசக்கர வண்டியே பெரும்பாலோரின் சொந்த வாகனம் என்பதிலிருந்து பிறக்கிறது. டிராம் தண்டவாளத்தின் தலைப்பகுதியில், சக்கரத்தின் விளிம்பு செல்வதற்காக ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் அகலப் பள்ளம் இருக்கும். சைக்கிளின் சக்கரம் அதற்குள் எளிதில் சிக்கும். அகலமான டயர் கொண்ட ஸ்கூட்டர் சிக்காவிட்டாலும், மழையில் நனைந்த எஃகின் மேல் சாய்வாக ஏறும்போது வழுக்கும். தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடப்பவருக்கு ஆபத்து குறைவு, இணையாக ஓட்டி நடுவில் மாறுபவருக்கே அதிகம். எனவே கலப்புப் போக்குவரத்தில் ஓடும் டிராம், ஐரோப்பாவில் முதன்மையாக வேகக் குறைவுக்குக் காரணமாகலாம். ஓசூரில் அது விபத்துக்கும் காரணமாகும். ஒதுக்கப்பட்ட பாதையும், குறிப்பிட்ட இடங்களில் மட்டும் நேர்க்கோணத்தில் அமைந்த கடவுகளும் இங்கே தவிர்க்க முடியாத முன்நிபந்தனைகள் ஆகின்றன.

எல்லை தாண்டும் மெட்ரோ

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம், ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர் நீளத்தில் 16 நிலையங்களோடு 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் தென்முனையிலிருந்து ஓசூருக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் அளவே என்பதால், நீட்டிப்புக் கோரிக்கை வலுப்பெற்றது. தமிழ்நாட்டின் சார்பில் சென்னை மெட்ரோ நிறுவனம் சாத்தியக்கூற்று ஆய்வையும் மேற்கொண்டது. கோரிக்கை 'நீட்டிப்பு' என்ற வடிவம் எடுத்ததற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கையின்படி மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறையாத நகரமே மெட்ரோவுக்குத் தகுதியுடையது. இதைக் காரணம் காட்டிக் கோயம்புத்தூர், மதுரை திட்டங்களையே மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. அவற்றைவிட மிகச் சிறிய ஓசூர், பெங்களூரின் தொடர்ச்சியாக அன்றித் தனித்து மெட்ரோ கேட்க இயலாது.

மின்சாரம் இங்கே எதிர்பாராத தடையாக எழுந்தது. பெங்களூரு மெட்ரோ, தண்டவாளத்தின் அருகே தரைமட்டத்தில் செல்லும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்னோட்டத்தைப் பெறுகிறது. சென்னை மெட்ரோ, மேலே கட்டிய கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தைப் பெறுகிறது. இரண்டையும் ஒரே பாதையாக இணைப்பது தொழில்நுட்ப வகையில் ஒத்துவராது என்பதே பெங்களூரு மெட்ரோ நிறுவனத்தின் நிலைப்பாடு. இவ்வேறுபாடு கடக்கவே முடியாத ஒன்றன்று. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரம், தெருவில் 750 வோல்ட் நேர்மின்னோட்டத்திலும் ஊருக்கு வெளியே பொது ரயில் பாதையில் 15,000 வோல்ட் மாறுமின்னோட்டத்திலும் ஓடும் இருமின் வண்டிகளை 1992 முதல் இயக்கிவருகிறது. அதே வகை வண்டி 1997 முதல் சார்புருக்கனிலிருந்து எல்லை தாண்டிப் பிரான்சின் சாரக்மினுக்குச் செல்கிறது. ஆனால் சிறு எண்ணிக்கையில் சிறப்பு வண்டிகளை வாங்குவதும் பராமரிப்பதும் செலவு மிகுந்தவை. இந்திய ரயில்வேயின் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் சரக்கு ரயில்களோடு இலகு வண்டிகளைக் கலந்து ஓட்டுவதற்குப் பாதுகாப்பு விதிகளும் இடந்தரா. மேலும், ஆள் மிதிக்கும் தரையில் மூன்றாம் தண்டவாளத்தை அமைக்க முடியாது என்பதால், பெங்களூரு முறை ஓசூரின் தெருமட்டத்துக்கு ஒருபோதும் இறங்கி வர இயலாது.

நெடுந்தொலைவுப் பயணத்துக்கு மெட்ரோ ஒன்றே வழி என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. பையப்பனஹள்ளி – ஓசூர் ரயில் பாதை 48 கிலோமீட்டர் நீளத்துக்கு இரட்டைப் பாதையாக்கப்பட்டு வருகிறது. பெங்களூரு புறநகர் ரயில் திட்டத்தின் ஒரு வழித்தடம் இதே பாதையிலுள்ள ஹீலலிகேயிலிருந்து தொடங்குகிறது. இரட்டைப் பாதை நிறைவுற்று, ஷிஃப்ட் நேரத்துக்கு ஏற்ப மெமு ரயில்கள் கூடுதலாக விடப்பட்டால், பெங்களூருப் பயணத்தின் பெரும்பகுதியை அதுவே தாங்கும். அப்போது ஓசூர் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கும் ஆலைக்கும் போவதே எஞ்சும் சிக்கல். நிலையமோ மத்திகிரிக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையில், மேலே சொன்ன தடத்தை ஒட்டியே இருக்கிறது.

சட்டமும் எல்லையும்

அரசமைப்புச் சட்டம் டிராமை ரயிலிலிருந்து பிரித்தே வைத்திருக்கிறது. ரயில்வே மத்திய அரசுப் பட்டியலில் உள்ளது. 'நகராட்சி டிராம்பாதைகள்' மாநிலப் பட்டியலின் 13ஆம் இனத்தில் உள்ளன. முழுவதும் ஒரு நகராட்சி எல்லைக்குள் அடங்கிய டிராம் பாதை, 'ரயில்வே' என்ற வரையறைக்குள் வராது என்று 366ஆம் உறுப்பின் 20ஆம் கூறு கூறுகிறது. இதன் விளைவு ஓசூருக்கு மிக முக்கியமானது. மத்திகிரியிலிருந்து ஜூஜூவாடி வரை மாநகராட்சி எல்லைக்குள் அடங்கும் பாதையைத் தமிழ்நாடு அரசு தன் அதிகாரத்திலேயே சட்டமியற்றி அமைக்கலாம். அதே பாதை எல்லை கடந்து அத்திப்பள்ளியைத் தொட்டவுடன் அந்த விலக்கு அற்றுப்போய், மத்திய அரசின் அதிகாரமும் இரு மாநிலங்களின் உடன்பாடும் தேவைப்படும். சில கிலோமீட்டர் நீளக் கூடுதலுக்காகச் சட்டநிலை முழுவதும் மாறிவிடுகிறது.

எல்லை தாண்டும் பாதைகள் உலகில் இல்லாதவை அல்ல. ஸ்ட்ராஸ்பூர் டிராம் 2017 முதல் ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகருக்குச் செல்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல், ஜெனீவா நகரங்களின் டிராம்கள் அண்டை நாடுகளுக்குள் நுழைகின்றன. 1981இல் திறக்கப்பட்ட சான் டியேகோ இலகு ரயில், மெக்சிகோ எல்லை வாயில் வரை சென்று நின்றுவிடுகிறது, கடப்பவர் நடந்து கடக்கிறார். இந்தியாவிலேயே டெல்லி மெட்ரோ 2009இல் நொய்டாவுக்கும் 2010இல் குருகிராமுக்கும் நீண்டது. ஒரே நிறுவனம் ஓட்ட, அந்தந்த மாநிலம் தன் பகுதிக்குரிய செலவை ஏற்றது. ஆனால் டெல்லிக்கு இருந்த வாய்ப்பு ஓசூருக்கு இல்லை. டெல்லி மெட்ரோ நிறுவனத்தில் மத்திய அரசு சரிபாதிப் பங்காளி என்பதோடு, மூன்று அரசுகளுக்கும் ஒரே தலைநகர்ப் பகுதி என்ற பொது நலன் இருந்தது. ஓசூர்த் தடத்தின் பாதிக்கும் மேற்பட்ட நீளம் கர்நாடகத்துக்குள் அமைவதும், அதனால் தொழில் முதலீடு தமிழ்நாட்டுக்குப் பெயரும் என்ற அச்சம் கர்நாடகத்தில் எழுந்திருப்பதும் உடன்பாட்டைக் கடினமாக்குகின்றன. சான் டியேகோவை ஒட்டி, எல்லை வரை வந்து அங்கே ஒரே மேடையில் மாறிக்கொள்ளும் முறையே இந்நிலைக்கு அதிகம் பொருந்துவது.

செலவை ஏற்பவர் யார்

எந்த நாட்டிலும் பயணச்சீட்டு வருவாய் மட்டும் டிராமின் கட்டுமானச் செலவை ஈடுசெய்வதில்லை. பிரெஞ்சு நகரங்கள் அத்தனை பாதைகளை அமைக்க முடிந்ததற்கு அடிப்படைக் காரணம், 1970களில் கொண்டுவரப்பட்ட போக்குவரத்துப் பங்களிப்பு வரி. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஊழியர் வைத்துள்ள ஒவ்வொரு நிறுவனமும், தான் வழங்கும் மொத்த ஊதியத்தில் ஒரு சிறு விழுக்காட்டை உள்ளூர்ப் போக்குவரத்து அமைப்புக்குச் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். ஊழியர் நேரத்துக்கு வந்துசேர்வதால் பயனடைபவர் முதலாளி என்பதால் அவரும் செலவில் பங்கேற்க வேண்டும் என்ற நியாயத்தின் மேல் அவ்வரி நிற்கிறது.

ஓசூரில் இந்த நியாயம் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. பெயர் மட்டும் வேறு. பெரிய ஆலைகள் ஒவ்வொன்றும் கம்பெனி பஸ்களை வாடகைக்கு அமர்த்தி, ஆண்டுதோறும் பெருந்தொகை செலவிடுகின்றன. ஒரே சாலையில் பல ஆலைகளின் பஸ்கள் பாதி நிரம்பியும் நிரம்பாமலும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. ஆலையின் அடையாள அட்டை இல்லாதவர், அதாவது ஒப்பந்தத் தொழிலாளரில் பலரும், சிறு பட்டறை ஊழியரும், கல்லூரி மாணவரும் அவற்றில் ஏற முடியாது. இச்செலவின் ஒரு பகுதியைப் பொது நிதியாகத் திரட்டினால், முதலாளிக்குக் கூடுதல் சுமை இல்லாமலே அனைவரும் ஏறக்கூடிய சேவைக்கு நிலையான வருவாய் கிடைக்கும். பாதையை ஒட்டி நிலமதிப்பு உயர்வதில் ஒரு பங்கைக் கட்டட அனுமதிக் கட்டணம் வழியாகப் பெறுவது இரண்டாவது வழி. போர்ட்லாந்து செய்தது ஏறத்தாழ இதுவே. மத்திகிரியின் கால்நடைப் பண்ணை நிலத்தைப் பணிமனைக்கு எடுத்துக்கொள்வது மூன்றாவது வழியாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நாட்டு மாட்டினங்களைக் காக்கும் பழமையான ஒரு நிறுவனத்தைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்துவது, ஒரு பொதுச்சொத்தின் இழப்பை இன்னொன்றின் கணக்கில் காட்டாமல் விடுவதே ஆகும்.

எதிர்வாதங்கள்

டிராமுக்கு எதிரான வலிமையான வாதம், அதே தனிப்பாதையில் மின்சாரப் பேருந்துகளை ஓட்டினால் மிகக் குறைந்த செலவில், மிக விரைவில் பெரும்பாலான பயன்கள் கிடைத்துவிடும் என்பது. இது உண்மையே. தண்டவாளத்தின் பயன் பெருங்கொள்ளளவிலும், வண்டியின் நெடிய ஆயுளிலும், பாதை எளிதில் இடம்மாறாது என்பதால் நில முதலீட்டாளருக்கு ஏற்படும் நம்பிக்கையிலும் இருக்கிறது. பயணிகள் திரளாத தொடக்க ஆண்டுகளில் இவை மூன்றும் பெரிதாகப் பயன்படா. இந்தியாவில் மெட்ரோலைட் நெறிமுறைகள் வெளிவந்து சில ஆண்டுகள் ஆகியும், தாம்பரம் – வேளச்சேரி உட்படப் பல தடங்கள் ஆய்வு நிலையைத் தாண்டாதிருப்பதும் கவனத்துக்குரியது. கொழும்பில் ஜப்பான் கடனுதவியோடு மாலபே வரை திட்டமிடப்பட்ட இலகு ரயில் 2020இல் ரத்து செய்யப்பட்டது; தொடக்க முதல் பெரிதாக உள்ள திட்டம் அரசியல் மாற்றத்துக்கு எளிதில் இரையாகிறது.

ஆனால் பேருந்து ஆதரவாளர்களின் வாதமும் தனிப்பாதை கிடைக்கும் என்ற அனுமானத்தின் மேலேயே நிற்கிறது என்பதை மறக்கலாகாது. நெரிசலில் நிற்கும் பேருந்துக்கும் நெரிசலில் நிற்கும் டிராமுக்கும் பயணியின் பார்வையில் வேறுபாடு இல்லை. கொல்கத்தாவும் வாஷிங்டனும் ஒரே பிழையைச் செய்தன. நாந்தும் ஸ்ட்ராஸ்பூரும் அதைத் தவிர்த்தன. ஆகவே வண்டி எது என்பதைவிட, சாலையில் ஏழு மீட்டர் அகலத்தை மற்றவர்க்கு மறுக்கும் துணிவு நகர நிர்வாகத்துக்கு உண்டா என்பதே முதற்கேள்வி.

முடிவு

இதுவரை ஆராய்ந்தவற்றிலிருந்து ஓசூருக்கு ஒரு வரிசைமுறை பெறப்படுகிறது. பெங்களூருக்கான நெடுந்தொலைவுப் பயணத்தை இரட்டைப் பாதையாகும் ரயிலிடமும், இரு மாநிலங்களும் இசையும் நாளில் மெட்ரோவிடமும் விடலாம். நகருக்குள் நிகழும் பயணத்துக்கு அந்த இசைவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மத்திகிரி கூட்டுரோட்டிலிருந்து ரயில் நிலையம், பேருந்து நிலையம், சிப்காட் வழியாக ஜூஜூவாடி வரை பொதுப் போக்குவரத்துக்கென இருவழித் தனிப்பாதையை மாநகராட்சியின் முழுமைத் திட்டத்தில் இப்போதே வரைந்து, மனைப்பிரிவுகளும் வணிக வளாகங்களும் அந்த அகலத்தை விழுங்குமுன் காக்க வேண்டும். ரயில் பாதையைக் கடக்கும் புதிய பாலம் எதுவும் பின்னாளில் தண்டவாளத்தின் எடையைத் தாங்கும்படி கட்டப்பட வேண்டும். சாலையடிக் குழாய்கள் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அவை பாதையின் ஓரத்துக்கு நகர்த்தப்பட வேண்டும். அந்தப் பாதையில் முதலில் கம்பெனி பஸ்களின் நிதியோடு பொதுப் பேருந்துகள் ஓடட்டும். ஒரு திசையில் மணிக்கு நாலாயிரம், ஐயாயிரம் பேர் என்ற எல்லையை அவை தொடும்போது தண்டவாளம் பதிப்பதற்கான காரணம் தானே உருவாகியிருக்கும். அதைத் தொடாவிட்டால், நகரம் ஒரு நல்ல பேருந்துச் சேவையைப் பெற்றிருக்குமே அன்றி எதையும் இழந்திருக்காது. பயணிகள் திரளுமுன் பாதை போட்டு இழந்த 1913ஆம் ஆண்டுக் குறும்பாதையின் தவறும், பயணிகள் இருந்தும் இடம் கொடுக்காமல் இழந்த கொல்கத்தா டிராமின் தவறும் இந்த வரிசைமுறையில் தவிர்க்கப்படுகின்றன.